முதல் பறப்பில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கிலாந்தில் ஏதோ ஒரு மாடல் விமான கிளப்பின் புல்தரை. ஓரமாக நான்கைந்து கார்கள், மடக்கு நாற்காலிகள், பிளாஸ்கில் தேநீர். நடுவில் ஒரு ஸ்பிட்ஃபயர் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் பறந்த அதே ஸ்பிட்ஃபயர்தான், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு அளவில். இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டேகால் மீட்டர். ஒரு மனிதர் தன் கார் ஷெட்டில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, பால்சா மரமும் பிளைவுட்டும் வெட்டி ஒட்டி, ரிவெட் தலைகளைக்கூட ஒவ்வொரு பசைத்துளியாக வைத்துச் செய்தது.

இன்று அதற்கு முதல் பறப்பு. கிளப்பே திரண்டு வந்திருக்கிறது. ஆளுக்கொரு கேமரா. செய்தவர் கையில் டிரான்ஸ்மிட்டர். கை லேசாக நடுங்குகிறது.

எஞ்சின் முழு வேகத்தில் இரைகிறது. விமானம் ஓடத் தொடங்கிய உடனே இடதுபக்கம் இழுக்கிறது. கூட்டம் நிற்கும் பக்கம் வந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் எலிவேட்டரை இழுக்கிறார். விமானம் தரையை விட்டு எழும்புகிறது. கைதட்டல்! தட்டிய கை ஓய்வதற்குள் இடது இறக்கை கீழே சாய்கிறது. அவர் குச்சியை வலதுபக்கம் தள்ளுகிறார். விமானமோ இன்னும் வேகமாக இடதுபக்கமே புரண்டு, தரையில் மோதி, குச்சி குச்சியாகச் சிதறுகிறது.

மொத்தம் பத்து விநாடி. இரண்டு குளிர்காலம் போயே போச்சு.

கூட்டத்தில் ஒருவர் அவர் தோளைத் தட்டி, "என்ன செய்வது, அதிர்ஷ்டம் இல்லை" என்கிறார்.

இது ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த சம்பவம் அல்ல. ஆனால் ரேடியோ கன்ட்ரோல் போர்விமானங்கள் பறக்கிற எந்த மைதானத்திலும் கேட்டுப் பாருங்கள், இந்தக் கதையைக் கண்ணால் பார்த்த ஒருவராவது இருப்பார். அவர்களில் பெரும்பாலோர் கடைசியில் சொல்வதும் அந்த 'அதிர்ஷ்டம்' என்ற ஒரே வார்த்தையைத்தான். அந்த வார்த்தைதான் இங்கே வழக்குக்கு உரியது. மேலே நடந்ததில் அதிர்ஷ்டத்துக்குத் துளிகூட வேலை இல்லை. சோதனை என்று நடக்க வேண்டிய ஒன்றைத் திருவிழாவாக நடத்தியதால் வந்த வினை அது.

நிஜ ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் எப்படிப் பறந்தது?

1936 மார்ச் 5. சவுதாம்ப்டன் அருகே ஈஸ்ட்லீ விமானதளம். கே5054 என்ற எண் கொண்ட முதல் ஸ்பிட்ஃபயர் வெளியே தள்ளிக்கொண்டு வரப்படுகிறது. ஓட்டப்போகிறவர் விக்கர்ஸ் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி 'மட்' சம்மர்ஸ். அவர் வானத்தில் இருந்தது எட்டே எட்டு நிமிடம்.

அந்த எட்டு நிமிடத்தில் அவர் என்ன சாகசம் செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. சக்கரங்களை மடக்கக்கூட இல்லை. மடக்கும் வசதி இருந்தும், முதல் பறப்புக்காக அவற்றைக் கீழே விரித்த நிலையிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். புறப்படும்போது நல்ல இழுவை கிடைப்பதற்காக, உச்ச வேகத்துக்கு ஒத்துவராத வேறொரு புரொபெல்லரை மாட்டியிருந்தார்கள். உலகின் வேகமான போர்விமானங்களில் ஒன்றாகப் போகிற விமானம் தன் முதல் நாளில் வேகமாகப் பறக்க முயற்சியே செய்யவில்லை!

இறங்கியதும் சம்மர்ஸ் "எதையும் தொடாதீர்கள்" என்ற பொருளில் சொன்னதாக ஒரு பிரபலமான கதை உண்டு. அதைப் பலரும் 'விமானம் அவ்வளவு கச்சிதம், மாற்ற ஒன்றுமே இல்லை' என்று புரிந்துகொண்டார்கள். அன்று அங்கே இருந்தவரும், பிறகு ஸ்பிட்ஃபயரின் சோதனைப் பறப்புகளில் பெரும்பங்கு வகித்தவருமான ஜெஃப்ரி குவில் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறார். அடுத்த பறப்புவரை எல்லாம் இதே நிலையில் இருக்கட்டும், அப்போதுதான் எது சரி எது தவறு என்று பார்க்க முடியும் என்பதுதான் அதன் அர்த்தம்.

உண்மையில் அந்த விமானம் கச்சிதமாக இல்லை. ரட்டர் அளவுக்கு மீறி துடியாக இருந்தது. உச்ச வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, மணிக்கு 530 கிலோமீட்டர்தான். புரொபெல்லரை மாற்றிய பிறகு, மே மாதத்தில்தான் 560ஐ எட்டியது. முதல் பறப்பில் கிடைத்தது வெற்றிக்கோப்பை அல்ல, திருத்த வேண்டியவற்றின் பட்டியல். நிஜத்தைச் செய்தவர்கள் இவ்வளவு அடக்கமாக இருந்திருக்க, அதன் ஐந்தில் ஒரு பங்கைச் செய்கிறவர்கள் முதல் நாளிலேயே சக்கரத்தை மடக்கி, கூட்டத்தின் முன்னால் தாழப் பறந்து, ஒரு குட்டிக்கரணமும் அடித்துக் காட்ட ஆசைப்படுவது ஏன்?

விமானம் சுருங்கும், காற்று சுருங்காது

"அது நிஜ விமானம், ஆள் உயிர் போகும். இது பொம்மைதானே?" என்று சிலர் கேட்பார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சில விஷயங்களில் பொம்மைதான் நிஜத்தைவிட முரண்டு பிடிக்கும்.

விமானத்தை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிடலாம். அது பறக்கிற காற்றை அப்படிச் சுருக்க முடியாது. இறக்கை சின்னதாகி, வேகமும் குறைந்தால், காற்று இறக்கையை ஒட்டிப் போகாமல் சீக்கிரமே விலகிவிடுகிறது. பொறியியல் படிக்கிறவர்களுக்கு ரெனால்ட்ஸ் எண் என்றால் புரியும். நிஜ ஸ்பிட்ஃபயர் வேகமாகப் பறக்கும்போது அது ஒரு கோடியைத் தாண்டும். இந்த மாடலுக்கு ஐந்து லட்சத்தைச் சுற்றித்தான் வரும். அதிலும் ஸ்பிட்ஃபயரின் அழகே அந்த நீள்வட்ட இறக்கை. முனைக்குப் போகப் போக அது குறுகிக்கொண்டே போகும். குறுகலான இடத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆக, எந்த அழகுக்காக அந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்தாரோ, அந்த அழகிலேயே ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

நிஜத்தைச் செய்தவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் இறக்கையை உடலருகே இரண்டு டிகிரி மேல்நோக்கியும், முனையில் அரை டிகிரி கீழ்நோக்கியும் இருக்கும்படி மெல்ல முறுக்கி வைத்தார்கள். முனை கடைசியாகத்தான் தூக்கும் சக்தியை இழக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கார் ஷெட்டில் இறக்கை ஒட்டும்போது பலகை சற்றே வளைந்திருந்தால் போதும், அந்த முறுக்கு ஒரு பக்கம் காணாமல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது. வானத்தில்தான் தெரியும்.

அடுத்தது எடை. நிஜ விமானத்தின் மெர்லின் எஞ்சின் மட்டுமே 600 கிலோவுக்கு மேல். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஐந்தில் ஒன்றாகும்போது எடை 125ல் ஒன்றாக வேண்டும். கணக்குப்படி மாடலின் மூக்கில் ஐந்து கிலோ எஞ்சின் உட்கார வேண்டும். ஆனால் அந்த அளவு மாடலுக்குப் போடும் பெட்ரோல் எஞ்சின் ஒன்றரை கிலோதான் இருக்கும். மூக்கு லேசாகிவிட்டால் வால் கனக்கும். அதைச் சரிசெய்ய, மூக்குக்குள் ஈயத்தை அடைக்க வேண்டும். இரண்டு வருடம் கிராம் கிராமாக எடை குறைத்தவருக்குக் கடைசியில் ஈயத்தை அள்ளிப் போட மனசு வருமா? "இவ்வளவு போதும், பறந்துவிடும்" என்று அங்கேதான் சறுக்குகிறார்கள்.

பட்டம் விட்டவர்களுக்கு இது நன்றாகவே புரியும். சூத்திரம் ஒரு விரல் மேலே கீழே போனாலும் பட்டம் நிலைகொள்ளாமல் குட்டிக்கரணம் போடும். விமானத்துக்கு ஈர்ப்பு மையம்தான் சூத்திரம். மாடல் விமானக்காரர்களிடம் ஒரு பழமொழியே இருக்கிறது. மூக்கு கனத்த விமானம் ஒழுங்காகப் பறக்காது, வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும்!

நிஜப் போர்விமானங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. அமெரிக்காவின் பி-51 மஸ்டாங்கில் விமானியின் முதுகுக்குப் பின்னால் சுமார் 320 லிட்டர் பெட்ரோல் டாங்க் ஒன்றைப் பொருத்தினார்கள். பெர்லின் வரை போய்வர அது உதவியது. ஆனால் அது நிரம்பியிருக்கும்போது விமானம் வால் கனத்து நிலைகொள்ளாமல் தவித்தது. அந்தப் பெட்ரோல் பெருமளவு தீரும்வரை விமானிகள் கடுமையான திருப்பங்களைத் தவிர்க்க வேண்டியிருந்தது. பயிற்சி பெற்ற விமானி உள்ளே உட்கார்ந்துகொண்டே சமாளிக்கத் திணறியதை, நூறு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, முன்பின் ஓட்டியிராத விமானத்தில், நடுங்குகிற விரலால் சமாளித்துவிட முடியுமா?

அந்தப் பத்து விநாடியில் நடந்தது என்ன?

இப்போது மீண்டும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போவோம்.

புரொபெல்லர் ஒரு பக்கம் சுழன்றால் அதன் எதிர்வினை விமானத்தை இடதுபக்கம் இழுக்கும். வால் சக்கரம் கொண்ட போர்விமானங்களில் இது ரொம்பவே அதிகம். த்ராட்டிலை மெல்ல மெல்லத் திறந்து, வலது ரட்டரால் நேராகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அவர் ஒரேயடியாகத் திறந்தார்.

விமானம் கோணலாக ஓடியது. அப்போது எஞ்சினை அணைத்துவிட்டு நின்றிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! எலிவேட்டரை இழுத்தார். பறக்கப் போதுமான வேகம் வருவதற்குள் விமானம் மேலே கிளம்பிவிட்டது.

வேகம் போதாமல் மூக்கு மட்டும் தூக்கியிருந்ததால், இடது இறக்கையின் முனையில் காற்று விலகியது. இதற்குத்தான் ஸ்டால் என்று பெயர். அந்தப் பக்கம் தூக்கும் சக்தி போனதும் இறக்கை சாய்ந்தது. அதைத் தூக்க அவர் குச்சியை வலதுபக்கம் தள்ளினார். அப்படித் தள்ளும்போது இடது இறக்கையின் எய்லரான் கீழே இறங்கும். ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற அந்த முனை இன்னும் செங்குத்தாகக் காற்றைச் சந்திக்கும், ஸ்டால் இன்னும் ஆழமாகும். காப்பாற்றப் போன கைதான் கவிழ்த்தது.

ஒவ்வொரு படியும் காரணத்தோடு நடந்திருக்கிறது. ஒவ்வொரு படியும் முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடியது. இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது?

முன்பெல்லாம் ஒரு சாக்கு இருந்தது. இங்கிலாந்தில் 35, அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் பறக்கவிட்ட காலத்தில், அதே சேனலில் பக்கத்தில் ஒருவர் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தால் போதும், விமானம் கைவிட்டுப் போய்விடும். அதனால் எது விழுந்தாலும் 'ரேடியோ குறுக்கீடு' என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது. 2000களின் நடுவிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவிய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. சாக்கும் தீர்ந்துவிட்டது. ஆனால் முதல் நாளில் விழுவது மட்டும் தீரவில்லை. பழி ரேடியோவிலிருந்து அதிர்ஷ்டத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெரியவர்களே தப்பவில்லை

"எல்லாம் பார்த்துத்தான் வந்தேன்" என்பார்கள். மனதுக்குள் பார்ப்பது வேறு, தாளில் எழுதி ஒவ்வொன்றாக டிக் போடுவது வேறு. இதற்கு வரலாற்றில் இரண்டு வலியான உதாரணங்கள் உண்டு.

1935 அக்டோபர் 30. அமெரிக்காவில் ரைட் ஃபீல்ட். பின்னாளில் பி-17 என்று புகழ்பெறப் போகிற போயிங் மாடல் 299 விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மூக்கைத் தூக்கி, ஸ்டால் ஆகி, விழுந்து எரிந்தது. அனுபவம் மிக்க இரண்டு விமானிகள் உயிரிழந்தார்கள். காரணம்? தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க எலிவேட்டர் முதலியவற்றைப் பூட்டி வைத்திருந்த பூட்டை யாரும் எடுக்கவில்லை. விமானிகள் கையில் சரிபார்ப்புப் பட்டியல் வந்து சேர்ந்தது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

1947 ஆகஸ்ட் 23. இங்கிலாந்தில் வுட்ஃபோர்ட். ஆவ்ரோ டியூடர் 2 விமானத்தின் சோதனைப் பறப்பு. எய்லரான் கம்பிகள் இடம் வலம் மாறி மாட்டப்பட்டிருந்தன. கிளம்பிய உடனே விமானம் விழுந்தது. உயிரிழந்தவர்களில் ஒருவர் ராய் சாட்விக். புகழ்பெற்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர்!

சாட்விக்குக்கு எய்லரான் எந்தப் பக்கம் அசைய வேண்டும் என்று தெரியாதா? உலகத்திலேயே அதை நன்றாக அறிந்தவர்களில் அவர் ஒருவர். அறிவு இருப்பதால் மட்டும் கம்பி சரியாக மாட்டிக்கொண்டுவிடாது. யாராவது ஒருவர் குச்சியை அசைத்து, இன்னொருவர் இறக்கையைப் பார்த்து, "வலது மேலே, இடது கீழே, சரி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாடல் விமானத்தில் இது இன்னும் அவசியம். டிரான்ஸ்மிட்டரில் ஒரு பட்டனைத் தொட்டால் சர்வோவின் திசையே தலைகீழாகிவிடும்.

ஒழுங்கான சோதனை எப்படி இருக்கும்?

தரையில் முடிக்க வேண்டியதில் பாதி முடிந்துவிடும். ஈர்ப்பு மையத்தை முந்தின நாளே வீட்டில் அளந்து ஈயம் போட்டாகிவிட வேண்டும், மைதானத்தில் கண்மதிப்பாக அல்ல. டிரான்ஸ்மிட்டரை அதன் குறைந்த சக்தி நிலையில் வைத்து, எஞ்சின் ஓடும்போது முப்பது தப்படி நடந்துபோய், எல்லாம் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்னல் அறுந்தால் த்ராட்டில் தானாக மூடுகிறதா என்று ஒருமுறை அறுத்தே பார்த்துவிட வேண்டும். பிறகு தரையிலேயே நாலு தரம் வேகமாக ஓட்டி, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பழக வேண்டும். கோணலாக ஓடினால் நிறுத்துவது தோல்வி இல்லை என்று முன்பே மனதில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றிலும் கடினம்.

வானத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. சக்கரம் விரித்தபடியே இருக்கட்டும். மெல்ல ஏறி, ஒரு தவறு செய்து, அதைத் திருத்தும்போது இன்னொரு தவறும் செய்தால்கூட தரைக்கு மேலே இடம் மிச்சமிருக்கும் உயரத்துக்குப் போக வேண்டும். கையை விட்டால் நேராகப் போகும்படி டிரிம் செய்ய வேண்டும். அடுத்து, அங்கேயே, த்ராட்டிலைக் குறைத்து, வேண்டுமென்றே ஸ்டால் செய்து பார்க்க வேண்டும்.

பலர் தவிர்க்கிற வேலை இதுதான். "நன்றாகப் பறக்கிறதே, எதற்கு வம்பு?" என்பார்கள். ஆனால் இறங்கும்போது எவ்வளவு மெதுவாக வரலாம் என்ற கேள்விக்கு வேறு எங்கே பதில் கிடைக்கும்? நிஜ விமானிக்கு முன்னால் வேகம் காட்டும் முள் இருக்கிறது. தரையில் நிற்பவருக்குத் தெரிவதெல்லாம் விமானம் தரைக்கு மேல் நகர்கிற வேகம்தான். காற்றோடு சேர்ந்து வரும்போது அது வேகமாகப் போவதுபோலத் தோன்றும். த்ராட்டிலைக் குறைப்பார். இறக்கைக்கோ தேவையான காற்று கிடைத்திருக்காது. இறங்குவதற்கான கடைசித் திருப்பத்தில் இறக்கை சாய்ந்து விழுகிற கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன. உயரத்திலேயே அந்த விமானம் எந்த வேகத்தில், எந்தச் சத்தத்தில், எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டவர், கீழே அந்த எல்லையைத் தொட மாட்டார்.

அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில், கொஞ்சம் த்ராட்டிலோடு, தயக்கமில்லாமல் இறக்கிவிட வேண்டும். கூட்டத்திலிருந்து "சக்கரத்தை மடக்கு! ஒரு ரோல் அடி!" என்று குரல் வரும். காதில் வாங்கவே கூடாது. சக்கரத்தை மடக்குவது இரண்டாவது பறப்புக்கு. ஃபிளாப் மூன்றாவதுக்கு. ஒரு பறப்பில் ஒரே ஒரு புதிய விஷயம். அப்போதுதான் ஏதாவது கோளாறு வந்தால் எதனால் வந்தது என்று தெரியும். சம்மர்ஸ் எதையும் தொடாதே என்றது இதற்குத்தானே!

இன்னும் சொல்லப்போனால், முதல் பறப்புக்குக் கூட்டமே வேண்டாம். குறிப்பெடுக்க ஒருவர், நேரம் பார்க்க ஒருவர். அவர்கள் போதும். படம் எடுப்பதை ஐந்தாவது பறப்பில் வைத்துக்கொள்ளலாம். விமானம் அப்போதும் அழகாகத்தான் இருக்கும் :-)

செய்தவரே ஓட்ட வேண்டுமா?

இங்கேதான் நிறையப் பேருக்குக் கோபம் வரும். "இரண்டு வருடம் நான் கஷ்டப்பட்டேன், முதல் பறப்பை இன்னொருவர் கையில் கொடுப்பதா?"

அந்த ஆசை நியாயமானது. அதில் தப்பே இல்லை. ஆனால் செய்தவர் கண்ணுக்கு வானத்தில் தெரிவது விமானம் மட்டுமல்ல, இரண்டு குளிர்காலமும் தெரிகிறது. அதனால்தான் கை நடுங்குகிறது. அடுத்தவர் விமானத்தை ஓட்டுகிறவருக்கு அந்தப் பாரம் குறைவு. பத்துப் பதினைந்து போர்விமான மாடல்களை ஏற்கெனவே பறக்கவிட்டவராக அவர் இருந்தால், முதல் விநாடியிலேயே 'இது வால் கனம்' என்று விரல் சொல்லிவிடும். டிரிம் செய்து, பத்திரமாக இறக்கி, "இந்தா, இப்போது நீ ஓட்டு" என்று கொடுத்தால் கௌரவத்துக்கு என்ன குறை?

அமெரிக்காவில் 1989 முதல் நடந்துவரும் டாப் கன் என்ற ஸ்கேல் மாடல் போட்டியில், ஒருவர் செய்து இன்னொருவர் ஓட்டுவதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அங்கே அதை யாரும் இழுக்காக நினைப்பதில்லை.

இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செல் 1934ல் விமானி உரிமம் வாங்கியவர். அவருக்குப் பறக்கத் தெரியும். தன் வாழ்நாளின் மிகச் சிறந்த படைப்பு ஈஸ்ட்லீயில் கிளம்பியபோது அவர் தரையில் நின்று பார்த்தார். ஓட்டியது சம்மர்ஸ். அடுத்த ஆண்டே, 1937ல், மிட்செல் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த ஸ்பிட்ஃபயரை யாராவது சம்மர்ஸின் விமானம் என்று சொல்கிறார்களா?

ஜைரோ இருக்கிறதே!

இன்றைக்கு இன்னொரு வாதம் வந்திருக்கிறது. ரிசீவருக்குள்ளேயே ஜைரோ இருக்கிறது, இறக்கை சாய்ந்தால் அதுவே நிமிர்த்திவிடும், இன்னும் எதற்கு இந்தச் சோதனைச் சடங்கெல்லாம் என்கிறார்கள்.

ஜைரோ நல்ல கருவி. காற்றடிக்கிற நாளில் பெரிய உதவி. ஆனால் அது நோயைக் குணப்படுத்துவதில்லை, காய்ச்சலை மட்டும் தணிக்கிறது. வால் கனத்த விமானத்தை அது கஷ்டப்பட்டு நேராகப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. வேகம் குறைந்து, இறக்கைக்குக் காற்று போதாமல் போகிற நேரத்தில் ஜைரோ என்ன செய்யும்? சாய்கிற இறக்கையைத் தூக்க எய்லரானைத்தான் அசைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் செய்த அதே தவறை, அவரைவிட வேகமாகச் செய்யும்! திசை மாற்றி அமைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம், சாய்ந்த பக்கமே இன்னும் சாய்த்துவிடும். ஆகவே அதையும் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்து, ஒரு சுவிட்சில் அணைக்கும்படி வைத்துக்கொண்டால் போதும். அணைத்துவிட்டுப் பறந்தால்தான் விமானத்தின் உண்மையான குணம் தெரியும்.

பொம்மையின் எடை

"பொழுதுபோக்குக்குப் போய் இவ்வளவு கெடுபிடியா?" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பத்து கிலோ மாடல் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் என்ன ஆகும்? பத்து கிலோ அரிசி மூட்டையைப் பதிமூன்றாவது மாடியிலிருந்து கீழே போட்டதற்குச் சமம். அதற்கு முன்னால் ஒரு புரொபெல்லரும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மூட்டை எந்தப் பக்கம் விழும் என்று தெரியாத ஒரு காலையில், மடக்கு நாற்காலி போட்டு பத்து இருபது பேரை உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்?

பெரிய மாடல்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே விதியாகவே இருக்கிறது. பிரிட்டனில் 25 கிலோவுக்கு மேற்பட்ட மாடலைச் செய்தால், ஆய்வாளர் ஒருவர் அதைப் பரிசோதிக்க வேண்டும், வகுத்த முறைப்படி சோதனைப் பறப்புகள் நடக்க வேண்டும். அமெரிக்காவிலும் 55 பவுண்டைத் தாண்டினால் இதே மாதிரிதான். ஆனால் பெரும்பாலானவர்கள் செய்வது ஐந்து கிலோ, பத்து கிலோ, பதினைந்து கிலோ மாடல்கள். அவற்றின் முதல் பறப்பை இப்படிப் படிப்படியாகச் சோதிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

அதற்கும் சட்டம் போட வேண்டும் என்பதல்ல இங்கே வாதம். சட்டம் வந்தால் படிவமும் கட்டணமும் வரும், பள்ளிக்கூடப் பையன்கள் இந்தப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார்கள். கிளப்புகளே செய்யலாம். ஒரு பக்கத்தில் அடங்கும் சரிபார்ப்புப் பட்டியல். கையெழுத்துப் போட இரண்டாவது ஆள். முதல் மூன்று பறப்பு முடியும்வரை பார்வையாளர்கள் தள்ளி நிற்க வேண்டும் என்ற ஒரு விதி. இதற்கு ஒரு காசு செலவில்லை.

சுவரில் தொங்கும் விமானங்கள்

கடைசியாக ஒன்று. விழுந்து நொறுங்கிய மாடல்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஒருமுறைகூடப் பறக்காத மாடல்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எத்தனையோ வீடுகளின் ஷெட்டில், மாடிப்படிக்கு மேலே, கூரையில் கம்பி கட்டித் தொங்கவிட்ட மாடல்கள் இருக்கின்றன. எஞ்சின், சர்வோ எல்லாம் பொருத்தி, பறக்கத் தயாராக இருப்பவை. "அடுத்த மாதம் நல்ல காற்று வந்ததும்" என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடியிருக்கும். உண்மைக் காரணம் பயம். முதல் பறப்பை ஒரு தீர்ப்பாக நினைப்பதால் வருகிற பயம். பறந்தால் அவர் கெட்டிக்காரர், விழுந்தால் அவர் முட்டாள், அதுவும் எல்லோர் முன்னிலையிலும்! அப்படி நினைத்தால் யாருக்குத்தான் மனசு வரும்?

அவசரப்பட்டு உடைப்பவரும் பயந்துபோய்த் தொங்கவிடுபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவருமே அதை அதிர்ஷ்டத்தின் கையில் விட்டுவிட்டார்கள். ஒருவர் சூதாடிவிட்டார், இன்னொருவர் சூதாட மறுத்துவிட்டார். அதைச் சூதாட்டமாக இல்லாமல் ஒரு சோதனையாக ஆக்கிவிட்டால் பயத்தின் பெரும்பகுதி தானாகவே கழன்றுவிடும். இன்று இந்த விமானத்திடம் மூன்று கேள்விகள் கேட்கப்போகிறோம், பதிலை எழுதிக்கொண்டு இறங்கப்போகிறோம், மிச்சம் அடுத்த வாரம் என்று போகிறவருக்குக் கை அவ்வளவு நடுங்காது.

அப்படியும் சில விமானங்கள் விழும். எஞ்சின் நடுவானில் நிற்கலாம், ஒரு சர்வோ செத்துப்போகலாம். அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் டிக் போட்ட அந்த ஒரு பக்கத் தாளைக் காட்ட வேண்டும். தாள் இல்லாதவர் அதிர்ஷ்டத்தைத் திட்டக் கூடாது.